நன்றிப் பட்டியலில் ஒரு பெயர்

பாரக்போர், டிரினிடாட்
14 ஆகஸ்ட் 1997

என் பிம்லாவுக்கு,

உன் கடிதம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட முகவரிக்குப் பத்திரமாக வந்தது. இனியும் அங்கேயே எழுது. வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி தபாலையும் ஹரிலால்தான் முதலில் பிரிப்பார்.

உன் படத்துக்கு நீ கேட்ட இரண்டும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. சீருடை இரண்டும் தைத்துவிட்டேன். இப்போதைய பிள்ளைகள் போடுவது வேறு நீலம். நம் காலத்து நீலத்துக்காக சான் பெர்னாண்டோவில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒலிநாடாவில் நம் தகரக் கூரை மழை. நடுவில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், வெட்டிவிடு. கனடாவில் மழையே பெய்யாதா என்ன?

நத்தாஷாவுக்குச் சம்பந்தம் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை பெனால் ஊர்ப் பையன், அவன் அப்பா பண்டிதர். மே மாதம் கல்யாணம். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் இருவர் கதையை உன் இஷ்டம்போல் எடு. பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நடந்ததைக்கூடக் காட்டு. என் பெயர் மட்டும் எங்கும் வரக்கூடாது. எனக்கு இருக்கும் பிள்ளை அவள் ஒருத்திதான்.

உன்,
தாரா

டொராண்டோ
20 மார்ச் 1998

தாராக் கண்ணே,

படம் திரையேறிவிட்டது. நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கம், பாதிக்கு மேல் நம் தீவுக்காரர்கள். 'படத்துல நம்மள மாதிரியே பேசுறாங்களாம்' என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அத்தைமார்கள் பைக்குள் பருப்பு ரொட்டியோடு வந்திருந்தார்கள். அந்த இரண்டு பெண்களும் முத்தமிட்டபோது எனக்குப் பின்னால் ஒருத்தி, "இதுக்குத்தானா இந்தப் பனியில ரெண்டு பஸ் மாறி வந்தேன்?" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. உன் மழை கேட்டதும் ஒரு கிழவர் தேம்பித் தேம்பி அழுதார். நாயை நான் வெட்டவில்லை.

ஒரு தப்புச் செய்திருக்கிறேன், திட்டாதே. கதையில் உன் பெயர் சுசீலாதான். ஆனால் கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலில் 'தாராவதி மகாபீர், பாரக்போர்' என்று போட்டுவிட்டேன். சோறு போட்டவர்கள், விளக்கு இரவல் கொடுத்தவர்கள் என்று அறுபது பெயர்களுக்கு நடுவில் ஒரு பெயர். அந்த நேரத்தில் இங்கே எல்லோரும் வெளியே போக எழுந்து குளிர்க்கோட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். என்னைப் போலக் கைக்காசைப் போட்டுப் படம் எடுக்கிறவர்கள் கொடுக்கக்கூடிய கூலி அது ஒன்றுதான். உனக்கு அதைக்கூடக் கொடுக்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

என்றும் உன்,
பிம்

பாயிண்ட் ஃபோர்டின்
11 ஏப்ரல் 1998

பிம்லா,

வெள்ளைக்காரன் கோட்டைத் தேடுவான். நம் ஆட்களை மறந்துவிட்டாயா? தினம் காலையில் வானொலியில் இழவுச் செய்தி வாசிக்கும்போது, இன்னாரின் மனைவி, இன்னாரின் அத்தை என்று கடைசிப் பெயர்வரை கேட்டுவிட்டுத்தானே நாம் தேநீர் குடிப்போம்? பெயர்ப் பட்டியல் ஓடினால் எழுந்து போகிற ஜாதியா நாம்? ஹரிலாலின் தங்கை கௌசில்லா அந்த அரங்கத்தில் இருந்திருக்கிறாள். நாம் படித்த அதே பள்ளியில் நமக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. சத்தமாகப் பேசுகிறவள், சமையலறை வரைக்கும் கேட்டது. "அண்ணே, படம் எடுத்தவ அந்த பிம்லா. சீருடை நம்ம பள்ளிக்கூடத்துது. நன்றியில உன் பெண்டாட்டி பேரு. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

ஹரிலால் கை ஓங்கவில்லை. நத்தாஷாதான் என் முன்னால் வந்து நின்றாள். "மா, அது சும்மா கதைதானே? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நம்பிக்கிறேன். எல்லாரையும் நம்ப வைக்கிறேன்."

இருபத்திமூன்று வருஷம் கூசாமல் பொய் சொன்னவள் நான். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. நீ எனக்கு யாருமே இல்லை என்று என் மகள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? பேசாமல் நின்றேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பண்டிதர் வீட்டுக்கும் செய்தி போய்விட்டது, ஆனால் கல்யாணத்தை அவர்கள் நிறுத்தவில்லை. அம்மா மட்டும் வரக்கூடாதாம். நான் என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தாரா

டொராண்டோ
22 ஏப்ரல் 1998

தாரா,

மூன்று தடவை கூப்பிட்டேன். உன் அண்ணன் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். நீ கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூட நான் காப்பாற்றவில்லை. அன்பினால் செய்தேன் என்று இனிமேல் சொல்ல மாட்டேன். என் படத்தில் நீ இருப்பது யாருக்காவது தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதுதான் உண்மை.

கடைசிச் சுருளைப் புதிதாக எடுத்து உன் பெயரை நீக்கிவிடுகிறேன். இங்கே வந்துவிடு. என் அறை சின்னதுதான், ஆனால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு வரியாவது எழுது.

பிம்

பாயிண்ட் ஃபோர்டின்
2 ஜூன் 1998

பிம்லா,

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பத்திரிகை அண்ணன் பெயருக்கு வந்தது. அதில் நத்தாஷா, ஹரிலால் மகாபீரின் மகள். அம்மாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் அத்தை கௌசில்லாவின் பெயர். வெள்ளிக்கிழமை மாட்டிக்கோர் சடங்குக்குப் பெண்களோடு ஆற்றங்கரைக்குப் போய் மண் எடுத்ததும் அவள்தானாம்.

அண்ணனும் அண்ணியும் போனார்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். திரும்பும்போது அண்ணி சொஹாரி இலையில் பூசணிக்காயும் ரொட்டியும் கட்டிக்கொண்டு வந்தாள். "பொண்ணு சிரிச்சுக்கிட்டுதான் இருந்தா. நீ சாப்பிடு," என்றாள். என் மகள் கல்யாணச் சோற்றை அடுப்பங்கரையில் நின்றபடி சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நத்தாஷாவிடமிருந்து இன்னும் ஒரு வரிகூட வரவில்லை.

நான் அங்கே வரமாட்டேன். அவள் என்றைக்காவது என்னைத் தேடினால் பஸ் ஏறி வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கை வைக்காதே. இந்த வருஷம் என் பெயரை அச்சில் போட்டது நீ ஒருத்திதான். வேண்டாம் என்று கெஞ்சியபோது போட்டாய். இப்போது உன் மனசு ஆறுவதற்காக அதை எடுக்காதே.

இந்த முகவரிக்கு இனி எழுத வேண்டாம். தபால்காரரைக் கண்டாலே அண்ணிக்குப் படபடப்பு வந்துவிடுகிறது.

தாராவதி