தலைவர் பிடித்த கம்பி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்போடு இதை ஆரம்பிக்கிறேன். அன்றைக்குப் போனில் நீ சொன்ன விஷயத்துக்கு நான் வெறுமனே உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய், கோபம் இல்லை, எனக்குப் போனில் யோசிக்க வராது. பாலங்களைச் சோதிக்கும் பிரிவுக்கு உயர்வு கொடுத்து மாற்றுகிறார்கள், படகில் போய்த் தூண்களைப் பார்க்கிற வேலை, நீச்சல் தேர்வில் தேறினால்தான் கிடைக்கும், அதனால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாய். "நம்ம ஆளுங்களுக்கும் தண்ணிக்கும் என்னப்பா சம்பந்தம், நீங்களே சொல்லியிருக்கீங்களே" என்றும் சொன்னாய். சொன்னது நான்தான். ஆனால் இங்கே சில காரியங்கள் நடந்திருக்கின்றன, அதையும் கேட்டுவிட்டு எழுதிக் கொடு.

உன் அம்மா மருத்துவமனையில் கருவிகளைக் கொதிக்க வைத்துத் துடைத்து அடுக்கும் அறையில் நாள் பூராவும் நின்றே வேலை பார்க்கிறவள், முழங்கால் கெட்டுப்போனது உனக்குத் தெரியும். தண்ணீருக்குள் நடந்து பழகுங்கள், இல்லாவிட்டால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்று அங்குள்ள டாக்டரம்மா சொன்னாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் நகராட்சி நீச்சல் குளத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். நடக்கப் போனவள் அங்கே இருக்கிற பயிற்சிக்காரப் பெண் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க நீந்தவும் ஆரம்பித்துவிட்டாள். எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், தலைவர் நாள் நடத்துகிற நம் கமிட்டிக்குப் பொறுப்பான அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், என் கடைக்கு வந்து, "உங்க வீட்டம்மா தலைவர் நின்ன எடத்துல காலை உதைச்சுக்கிட்டுக் கெடக்காங்களாமே, கொஞ்சம் சொல்லி வைங்க" என்றார். துணி வெட்டிக்கொண்டிருந்தேன், கத்திரி கோடு மாறிப் போய்விட்டது.

உனக்குத் தெரியாத கதை இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கே ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் ஆட்கள் கால் வைத்தால் குளத்துத் தண்ணீரையே மாற்றிய காலம் அது. நம் தலைவர் இதே நகராட்சிக் குளத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கி, நான்காவது படியில், இடுப்பளவுத் தண்ணீரில், சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், போலீஸ் வந்து இழுக்கிற வரைக்கும் நின்றார். அவரைக் கொண்டுபோன பிறகு தண்ணீரை வடித்துவிட்டுக் குளத்தைத் தேய்த்துக் கழுவினார்களாம். சட்டம் மாறியது அதற்கப்புறம்தான். நான் பெரிய தெருவில் கடை போட்டது, உன் அம்மாவின் உத்தியோகம், உன் படிப்பு எல்லாம் அந்த ஒரு நாளிலிருந்து வந்தவை, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. அதனால்தான் வருஷா வருஷம் அந்த நாளில் எல்லோரும் நல்ல உடுப்பில் இறங்கி, அதே மாதிரி கம்பியைப் பிடித்து, வாய் பேசாமல் நின்றுவிட்டு ஏறுகிறோம். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. யாரும் தடுக்கவில்லை, நாமாகத்தான் போவதில்லை.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "நிக்கறதுக்கு மட்டுமா அவரு சண்டை போட்டாரு" என்று கேட்டுவிட்டுக் கூந்தலைத் துவட்டப் போய்விட்டாள். கொடியில் அவளுடைய நீச்சல் உடுப்பு தொங்கும், கடையில் வாங்கியது, தோளில் இழுத்துக்கொண்டு, கையடியில் தையல் விட்டு, பார்க்கச் சகிக்கவில்லை. மனசு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் கை சும்மா இருக்குமா, பிரித்துச் சரியாகத் தைத்து வைத்தேன். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். சரிங்க என்று ரொம்பப் பணிவாகச் சொன்னாள், அவள் பணிவு உனக்குத் தெரியுமே.

அப்புறம் தலைவர் நாள் வந்தது. இந்த வருஷம் அவருடைய தங்கையைக் கூப்பிட்டிருந்தோம். அண்ணன் தண்ணீரில் நின்றபோது கரையில் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சிறுமி, இப்போது கண் மங்கி, காது மட்டும் கூர்மையாக இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து உட்கார வைக்கும் பொறுப்பு எனக்கு. எல்லோரும் இறங்கி வரிசையாகக் கம்பியைப் பிடித்தார்கள், உன் அம்மாவும் சண்டை வேண்டாம் என்று சேலையோடு நின்றாள். தலைவரின் தங்கை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என் கையைச் சுரண்டி, "எதுக்குப்பா எல்லாரும் பஸ்ல போற மாதிரி கம்பியைப் பிடிச்சிருக்காங்க" என்றார். தலைவர் அப்படித்தானே உறுதியாக நின்றார் அம்மா என்றேன். அவர் சிரித்தேவிட்டார். "உறுதியா? அவனுக்கு நீச்சல் தெரியாதுப்பா. கை நடுங்கிச்சு, நான் பார்த்தேன். விட்டா படி வழுக்கி முழுகிடுவோம்னு பிடிச்சிருந்தான். ஜெயில்லேருந்து வந்ததும் மொதல்ல நீந்தக் கத்துக்கறேன்னு சொன்னான். வந்ததும் ஊரே வாசல்ல வந்து நின்னுச்சு, கடைசி வரைக்கும் அவனுக்கு நேரமே கெடைக்கல" என்றார். மோர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

கமிட்டியில் இதை இன்னும் சொல்லவில்லை, சொன்னால் கண்ணாடிக்கடைக்காரர் அந்த அம்மாவுக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்பார், நானும் போன வருஷம் என்றால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எனக்குத் தலைவர் மேல் மதிப்பு குறையவில்லை, கூடித்தான் போனது. பயம் இல்லாதவர் நின்றதாக நினைத்திருந்தேன், கை நடுங்க நின்றிருக்கிறார். முந்தாநாள் பொது நேரத்தில் உன் அம்மாவோடு நானும் போனேன். நான்காவது படி எனக்குப் பழகிய படி. அங்கே நின்று, கம்பியிலிருந்து கையையும் படியிலிருந்து காலையும் எடுத்தேன். முழுகித்தான் போனேன், மூக்கெல்லாம் தண்ணீர், உன் அம்மா சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடியும் விட்டேன். அந்தத் தடவை கொஞ்ச நேரம் மிதந்தேன், சத்தியமாக மிதந்தேன், காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை, அழுகை வந்தது.

அதனால் அம்மா, அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதே. தேர்வுக்குப் பெயர் கொடு, அங்கே கற்றுக்கொள்ள ஒரு இடம் பார். பயமாக இருந்தால் கம்பியைப் பிடித்துக்கொள், குற்றமில்லை. ஆனால் அது நம் ஆட்களின் வழக்கம் என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே, நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. குளித்த தலையோடு காற்றில் நிற்காதே. எல்லா நலமும் உனக்கு வந்து சேரட்டும், நீ எங்கே கால் வைத்தாலும் உனக்கு நல்லதே நடக்கட்டும். எந்தத் தேதியில் தேர்வு என்று மறக்காமல் எழுது, அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா