வாட்ச்சைக் கழற்றச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரத்ததான முகாம். மைக் செட் என்னுடையது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறிவிட்டது. சாம்பார் மணக்க வேண்டிய பந்திக் கூடத்தில் ஸ்பிரிட் மணந்தால் எப்படி இருக்கும்? எனக்கு உங்கள் லேப் வாசலில் நிற்பது போலவே இருந்தது. காலை உள்ளே வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். எழுபதைத் தாண்டியவனுக்கு இது தேவையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பெயர் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் தாத்தா வாட்ச்ச வலது கையில கட்டியிருக்கீங்க? இடது கைப் பழக்கமா?" என்று கேட்டாள்.

"அது பெரிய கதைம்மா. மைக்ல சொன்னாத்தான் அடங்கும்" என்றேன். சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நீங்கள் இருந்திருந்தால் முகாம் முடிந்த கையோடு உங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியிருப்பேன். மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருதானே. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. குன்னத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தேன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், அம்மன் கோயில் திருவிழா, எதுவானாலும் என் கூம்பு ஸ்பீக்கர்தான் கத்தும். அதைவிட நான் அதிகமாகக் கத்துவேன். அப்படிப்பட்டவன் அன்று நீங்கள் லேப் டெக்னீஷியனாக இருந்த பெரம்பலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தனத்துக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாசக்கணக்கில் உதிரம் போய்ப்போய், முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். திருச்சியிலிருந்து ஆபரேஷன் டாக்டர் அன்று சாயங்காலம் பெரம்பலூருக்கு வருகிறார். அதற்குள் இரண்டு பாட்டில் ரத்தம் தயாராக இருந்தால் கத்தி வைப்பார். இல்லையென்றால் அடுத்த வாரம்தான். அதுவரை அவள் உடம்பு தாங்குமா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப், ஓ பாசிட்டிவ் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, "எடுங்கக்கா, ரெண்டு பாட்டிலையும் என்கிட்டயே எடுங்க" என்றேன். நீங்கள் ஊசியை எடுக்கவில்லை. என் இடது கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினீர்கள்.

"இது என்ன தம்பி?"

"பட்டாசு வெடிச்சதுக்கா."

"பட்டாசு இவ்ளோ வட்டமாவா வெடிக்கும்? காமாலைக்குப் போட்ட சூடுதான?"

மாட்டிக்கொண்டேன். நம் பக்கத்தில் மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பதோடு விட மாட்டார்களே. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மணிக்கட்டுக்கு மேலே ஒரு சூடு போட்டால்தான் வைத்தியம் முடிந்ததாக அர்த்தம். காமாலை போய்விடும், பட்டாணி அளவுத் தழும்பு போகாது. அது உங்களுக்குத் தெரிந்திருந்தது. வாய் சொல்லாததைக் கை சொல்லும் என்று எல்லாருடைய கையையும் திருப்பிப் பார்ப்பது உங்கள் வழக்கம்.

"அது எப்பவோ போயிடுச்சுங்கக்கா. இப்ப பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

"ஆளு கல்லு மாதிரிதான் இருக்க. ரத்தத்துல அது ஒளிஞ்சிருந்தா? சில பேருக்குக் காமாலை போனாலும் கிருமி போவாது. அதக் கண்டுபுடிக்கிற டெஸ்ட் இங்க இல்ல. திருச்சிக்கு அனுப்பி ரிசல்ட் வர்றதுக்குள்ள டாக்டர் வந்துட்டுப் போயிடுவாரு. தெரியாம நான் பாட்டில்ல புடிக்க மாட்டேன்."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் அசையவே இல்லை. "மைக் இல்லாமயே இப்படியா? இதே வாயை வச்சு நாலு பேரக் கூட்டிட்டு வா" என்றீர்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மச்சான் வந்து இறங்கினார். தனத்துக்கு மூத்தவர். எறையூரில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் அவருடையது. வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை, இடது கையில் அகலத் தோல்பட்டை வைத்த வாட்ச். என் ரத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"பொண்டாட்டிக்கு ஒரு பாட்டில் ரத்தம் குடுக்கப் பயந்துகிட்டு தழும்பக் காட்டுறீங்களா மாப்ள? நல்லாருக்கு. எங்க வூட்டுப் பொண்ண நம்பி உங்களுக்குக் குடுத்தோம் பாருங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் நேராக உங்கள் மேஜை முன்னால் உட்கார்ந்து வலது கையை நீட்டினார். "எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்கம்மா." அவருக்கும் ஓ பாசிட்டிவ். என்னைத் திரும்பிப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

நீங்கள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வாட்ச்சக் கழட்டுங்க" என்றீர்கள்.

"எதுக்கும்மா? ஊசி இந்தக் கையிலதான போடுவீங்க?"

"கழட்டுங்கண்ணே."

"பட்டை இறுகிப் போயிருக்கு. வராது."

"நான் இருக்கேன், கழட்டுறேன்."

கழற்றினீர்கள். வெயில் படாமல் வெளுத்திருந்த தோலில், வட்டமாக, அப்படியே என் தழும்பின் அண்ணன்! தனம் அங்கே படுத்துக் கிடக்கிறாள், நான் இங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். நீங்களும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தீர்கள், நான் பார்த்தேன். மச்சானின் குரல் தரைக்குப் போய்விட்டது. "பொண்ணு பாக்கப் போனப்ப அவுங்க வூட்டுல தெரியக்கூடாதுன்னு கட்டுனதும்மா. அப்புறம் அப்படியே பழகிடுச்சு."

பிறகு மச்சான் என்னிடம் கேட்டார்: "மாப்ள, உங்க செட்டு எங்க கிடக்கு?"

நல்லவேளை, முந்தின நாள் கூட்டத்துக்குப் போட்ட செட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே கிடந்தது. கிளம்பும்போது நீங்கள் ஒரு நிபந்தனை போட்டீர்கள். காமாலை வந்தவர்கள் வர வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். "அதச் சொன்னா ஒருத்தனும் வர மாட்டான்க்கா" என்று குதித்தேன். "வர்றவனெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி, மறைக்காதவன் வந்தா போதும்" என்று முடித்துவிட்டீர்கள்.

அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. டிரெய்லரில் கரும்புச் சோகைக்கு நடுவே பாட்டரியும் ஆம்ப்ளிபயரும், இன்ஜின் மேலே கயிற்றில் கட்டிய கூம்பு, ஸ்டியரிங்கில் மச்சான், கையில் மைக்கோடு நான். "அன்பார்ந்த பெரம்பலூர் பொதுமக்களே!" என்று எடுத்தேன் பாருங்கள், பஸ் ஸ்டாண்டே திரும்பியது. "ஓ பாசிட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை! மஞ்சக் காமாலை வந்தவங்க, சூடு போட்டுக்கிட்டவங்க, தயவுசெஞ்சு வர வேண்டாம்!"

டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஊர்ல கேக்குறியே, உன் ரத்தத்துக்கு என்னய்யா கேடு?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்ன வேகத்தில் செய்தேனோ, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். "எனக்கும் காமாலை வந்துச்சுய்யா. இந்தா பாரு சூடு. படுத்துக் கிடக்குறது என் பொண்டாட்டி. அவளுக்கு என்னால குடுக்க முடியல. அதான் கேக்குறேன்." சொன்னது அவ்வளவுதான். சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் பார்த்தால், ஸ்டியரிங்கிலிருந்து மச்சானின் கையும் மேலே எழும்பி நிற்கிறது. வாட்ச் இல்லாமல்.

டிராக்டருக்குப் பின்னாலேயே கூட்டம் வந்தது. வராந்தாவில் வரிசை. வளையல்காரி மாதிரி ஒவ்வொருவர் கையாகப் பிடித்துத் திருப்பினீர்கள். உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தோம், அப்படியும் எத்தனை தழும்புகள்! "ஊரே சூடு வாங்கி வச்சிருக்கே" என்று நீங்களே அசந்துபோனீர்கள். அதோடு விட்டீர்களா? தப்பான சகவாசத்தில் வரும் மேகவியாதிக்கும் டெஸ்ட் உண்டு என்றீர்கள். வரிசை சட்டென்று மெலிந்தது. ஒருத்தர் செருப்பைக்கூட எடுக்காமல் போனார். அந்தச் செருப்பு வெகுநாள் உங்கள் வாசலிலேயே கிடந்தது.

கடைசியில் தேறியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர். இன்னொருவர் பூலாம்பாடி பஸ்ஸுக்காக நின்றிருந்த, பருத்தி எடுக்கப் போகிற அம்மா. "பொம்பளைங்க குடுக்கலாமுங்களா?" என்று ஓரமாக நின்று கேட்டார். "பொம்பளைக்குத்தான வேணும், வாங்க" என்று கூப்பிட்டு, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தத்தின் அளவையும் சோதித்து உட்கார வைத்தீர்கள். மச்சான் பழக்கதோஷத்தில், "எந்த ஊரும்மா? ஊர்ல எந்தத் தெரு?" என்று தொடங்கினார். அவர் எதற்குக் கேட்கிறார் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க கேக்குறதுக்கு என்கிட்ட டெஸ்ட் இல்லண்ணே" என்றீர்கள்.

மச்சான் வாயை மூடிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் கலர் சோடா இருந்தது. அந்த அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

பிறகு நீங்கள் கண்ணாடித் துண்டில் மருந்தையும் ரத்தத்தையும் விட்டு ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தீர்கள். ஜன்னலில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நீங்கள் நிமிர்ந்து, "ரெண்டும் சுத்தம்" என்றதும் வெளியே போட்ட கூச்சலில் நர்ஸம்மா ஓடிவந்து அத்தனை பேரையும் விரட்டினார். வெளிச்சம் இருக்கும்போதே டாக்டர் வந்துவிட்டார். தனம் பிழைத்தாள். கண் விழித்ததும் என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க சத்தம் பெட்டு வரைக்கும் கேட்டுச்சு. இப்படியா ஊர் முன்னாடி மானத்த வாங்குவீங்க?"

அதற்குப் பிறகு நீங்கள் எங்கள் வீட்டு ஆள். தீபாவளிக்கு முறுக்கும் பொங்கலுக்குக் கரும்பும் உங்கள் வீட்டுக்கு வராத வருஷம் இல்லை. எண்பதுகள் முடிவதற்குள், ஒளிந்திருக்கும் காமாலைக் கிருமியைக் காட்டுகிற புது டெஸ்ட் உங்கள் லேபுக்கே வந்துவிட்டது. நீங்கள் அதை ஆஸ்திரேலியா டெஸ்ட் என்றீர்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நம்ம ஊர்க் காமாலைக்கும் என்னக்கா சம்பந்தம் என்று உங்களைக் கிண்டல் செய்தேன். முதல் வேலையாக என்னையும் மச்சானையும் கூப்பிட்டு அனுப்பினீர்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை. குதித்தேன். "பாத்தீங்களா! அன்னைக்கே சொன்னேன்ல, கல்லுன்னு!"

"அன்னைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று சிரித்தீர்கள். பிறகு மச்சானைப் பார்த்தீர்கள். சிரிப்பு நின்றது. என்னை வெளியே போகச் சொன்னீர்கள். மச்சான், "மாப்ள இருக்கட்டும்மா" என்றார்.

அவர் ரத்தத்தில் அது இருந்தது. காமாலை போய் எத்தனையோ வருஷம் கழித்தும் அது போகவில்லை. பயப்பட வேண்டாம், ஈரலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், குடிக்கவே கூடாது, அண்ணியையும் பிள்ளைகளையும் அழைத்து வந்து சோதிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அவர் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை.

"அன்னைக்கு என் ரத்தம் தனத்துக்கு ஏறியிருந்தா?"

அவர் இடது கையை எடுத்து உங்கள் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டீர்கள். அந்த முறுக்கு மீசைக்காரர் குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "என் தங்கச்சிக்கு நான் செஞ்ச ஒரே நல்லது, அன்னைக்கு வாட்ச்சக் கழட்டுனதுதாம்மா."

அன்றிலிருந்து அவர் வாட்ச்சை வலது கையில் கட்டுகிறார். வாட்ச்சே இல்லாத நான், வலது கையில் கட்டுவதற்கென்றே ஒன்று வாங்கினேன். மச்சான் இன்னும் இருக்கிறார், மாத்திரை போட்டுக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு, நன்றாக இருக்கிறார். நீங்கள் போன செய்தி வந்த அன்று தனம் சோறு வைக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து அந்த டிராக்டர் ஊர்வலத்தையே திரும்பத் திரும்பப் பேசினோம். துக்க வீட்டில் சிரிக்கிறார்களே என்று பக்கத்து வீட்டில் நினைத்திருப்பார்கள்.

இன்று முகாமில் எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறது அக்கா. யாரும் யார் மணிக்கட்டையும் திருப்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் மைக்கைப் பிடித்ததும் முதலில் வந்தது உங்கள் வாசகம்தான்: "காமாலை வந்தவங்க வெக்கப்படாம முதல்லயே சொல்லிடுங்க." அந்த நர்ஸ் பெண் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். கிளம்பும்போது எனக்கும் பிரஷர் பார்க்கிறேன் என்று கையை நீட்டச் சொன்னாள். அவள் கேட்பதற்கு முன்பே மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிவிட்டேன். தானாகவே திரும்புகிறது அக்கா. வாட்ச் வலது கையிலேயே இருக்கட்டும். இடது கை, நீங்கள் எப்போது பிடித்துப் பார்த்தாலும் தெரிகிற மாதிரி, வெறுமனே இருக்கிறது.