தொட்டிக்குத் தணல்

ஏப்ரல் 12, ஞாயிறு

கழக்கூட்டத்தில் மகள் வீட்டில் இருந்துவிட்டு இன்று மதியம்தான் திரும்பினேன். சிமெண்டுத் தொட்டியில் என் கெண்டைகள் செத்து மிதந்தன. போனக்காட்டு ஓடையிலிருந்து வந்தவை. இப்போதுதான் முதல்முறையாகச் சினை பிடித்திருந்தன. கூடவே வளர்த்த திலாப்பியா மீன்கள் அவற்றின் வாலைக் கடித்துக் குதறியிருந்தன. சிலவற்றுக்குக் கண்ணே இல்லை. கடைசிக் கெண்டையை என் கண் முன்னாலேயே சுவரோடு முட்டி முட்டிக் கிழித்தன.

தொட்டிமேல் கட்டியிருந்த பச்சை வலையைக் காணோம். தண்ணீரில் கை வைத்தால் சுட்டது.

"வலை எங்கேடா?"

"நீதானக்கா போன்ல சொன்ன, தொட்டிக்குத் தணல் வேணும்னு. வெயில் படட்டும்னு கழட்டினேன்" என்றான், நான் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தம்பி.

அவன் திருநெல்வேலியிலேயே இருப்பவன். அவனுக்குத் தணல் என்றால் நெருப்பு. இந்தக் கேரளத்து ஊரில் இருந்து இருந்து எனக்கு அது மலையாளத்தில் சொல்கிற நிழலாகிவிட்டது.

தண்ணீர் குளிர்ந்திருந்தால் திலாப்பியா மந்தம். கெண்டைதான் இரைக்கு முந்தும். சூடேறினால் திலாப்பியாவுக்குப் பசியும் வெறியும் சேர்ந்து ஏறும். மழைநாளில் வகுப்பில் தூங்கி வழிகிற பையன் வெயில் வந்ததும் மைதானத்தில் எல்லாரையும் அடிப்பானே, அப்படித்தான்.

இத்தனை தெரிந்தும், பெரிய திலாப்பியாவைப் பிடித்துத் துவைக்கிற கல்லில் அடித்தேன். செத்த பிறகும் அடித்தேன். ரத்தம் தம்பி சட்டையில் தெறித்தது.

"போதும்க்கா. என்னை அடிச்சிரு, அத விடு."

நான் நிறுத்தவில்லை.

பக்கத்து அறையில் அவன் பையை இழுத்து மூடுகிற சத்தம் கேட்கிறது. அந்த வார்த்தையைத் தப்பாகச் சொன்னது நான்தான் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. எழுந்து போகிறேன்.