இரண்டு அடுப்புக்கு ஒரு பாத்திரம்

பெரியவன் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். நான் சமைக்கிற கம்பெனி கேன்டீன் அடுப்பில் கை லேசாகச் சுட்டது, ஆறிவிட்டது. தங்குமிடத்தில் பக்கத்துக் கட்டில் எலக்ட்ரீஷியன்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான்.

நம் பையன்கள் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு மூட்டியிருக்கிறார்களாமே! கேட்டதிலிருந்து உடம்பெல்லாம் எரிகிறது. சின்னவனுக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது, அவன் சாப்பிடாமல் தானும் சாப்பிட மாட்டேன் என்று பெரியவன் மூன்று நாள் அடம்பிடித்தானே, மறந்துபோச்சா அந்தத் தடிமாடுகளுக்கு?

ஞாயிற்றுக்கிழமை இராச் சாப்பாட்டை நீ சமை. அடிகனமான பாத்திரத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிப் பரப்பு. அதன்மேல் வதக்கிய வெங்காயமும் தக்காளியும், அதன்மேல் சோறு. கடைசியில் அடித்த முட்டையை ஊற்றி, மூடிபோட்டுச் சிறு தீயில் அரை மணி நேரம் வை. கிண்டவே கிண்டாதே. அதில் மேலடுக்கு உனக்கு, அடியடுக்கு எனக்கு என்று எவனும் பாகம் பிரிக்க முடியாது. மேலிருந்து அடிவரை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

“பெரியவரே, கோவத்தைக் கொஞ்சம் கொறச்சு எழுதட்டுமா?” என்கிறான் இவன்.

“ஒரு எழுத்தைக் கொறச்சே, நாளைக்கு ஒனக்குச் சோறு கெடையாது” என்றேன்.

இருவரையும் எதிரெதிரே உட்கார வை. விளிம்பு நெளிந்த என் தட்டைக் கழுவி நடுவில் வை. அது காலியாகவே இருக்கட்டும். அதைப் பார்த்துக்கொண்டே தின்னட்டும்.

ஷிப்டு மணி அடித்துவிட்டது. போகிறேன்.