பெட்டி உலர்ந்திருக்க வேண்டும்

அறை 14, சுரங்கப்பாதை முகாம்
ஜனவரி 11

என் அருமை அரைகுறைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தகரச் சுவர் அறை, ஒரு கட்டில், ஒரு மேசை. மலையை இரண்டு பக்கத்திலிருந்தும் குடைகிறார்கள். இரண்டு துளைகளும் நடுவில் சரியாகச் சந்திக்க வேண்டும். அதற்குத்தான் என்னைப் போன்ற சர்வேயருக்குச் சம்பளம். இங்கே போன் எடுக்காது. வியாழக்கிழமை சரக்கு லாரியில் தபால் வரும். இரண்டு வருடம் இப்படித்தான்.

ஆமைக்குட்டியை உன்னிடம் விட்டு வந்ததைப் பக்கத்து அறை வெல்டரம்மாவிடம் சொன்னேன். "தம்பி நல்லாப் பாத்துக்குவாரா?" என்று கேட்டார். "வேற யாரும் கிடைக்கல" என்றேன். கோபித்துக்கொள்ளாதே. கூடத்துச் சுவரில் பாதிக்கு மட்டும் வண்ணம் அடித்தவன் நீ. அந்தக் கோடு இன்னும் தெரிகிறது.

ஆமையை வளர்ப்பது பற்றி நான் எழுதிவைத்த நான்கு பக்கத்தையும் படி. மூன்று முறை அடிக்கோடிட்ட வரியை மட்டும் தினமும் படி: பெட்டி எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். ஏன் என்று உனக்கே தெரியும். அப்போது உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினான்கு. "ஆமைத் தொட்டிய உள்ள எடுத்து வைடா" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போனேன். நீ விளையாடிவிட்டு, தொட்டி மழையில் முழுக்க நனைந்த பிறகு எடுத்து வைத்தாய். நான்காம் நாள் நம் ஆமை மூக்கில் குமிழி விட்டுச் செத்துப்போனது. பழசைக் கிளறவில்லை. இந்த முறை முழுசாகச் செய்.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நான்கு பக்கத்தையும் லேமினேட் செய்து பெட்டிக்கு மேலே மாட்டிவிட்டேன், லிப்ட் ரிப்பேர்காரர்கள் நாங்கள் மோட்டார் அறைக் கதவில் எச்சரிக்கைப் பலகை மாட்டுவது மாதிரி.

குட்டிக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு மேல்தான் வெளியே வருகிறார். எல்லாரையும் ஒருமுறை முறைக்கிறார். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார். போன வாரம் ஒன்பதாம் மாடியில் லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட நாலு பேரை இறக்கிவிட்டு, பெட்டி விளக்கை அணைக்க வேண்டுமே என்று வீட்டுக்கு ஓடினேன். "என்னப்பா, வீட்ல குழந்தையா?" என்றார் முதலாளி. "இல்ல சார், மேனேஜர்" என்றேன். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

புல்லும் கீரையும் மட்டும்தான்; பழம் கிடையாது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று கணவாய் மீன் ஓடு வைத்திருக்கிறேன், கொறிக்கிறார். புற ஊதா விளக்கு பன்னிரண்டு மணி நேரம். வந்த அன்று 41 கிராம், இன்று 63. என் வெர்னியர் அளவுகோலில் ஓட்டின் நீளம் ஐம்பதிலிருந்து ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். பெட்டி மொரமொரவென்று காய்ந்திருக்கிறது. சத்தியம்.

தம்பி

ஜூன் 15

அக்கா,

ஒரு விஷயம். மறைத்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன், மனசு கேட்கவில்லை.

மேனேஜரின் ஓட்டில் ஒவ்வொரு தகடும் குட்டிக் கூரை மாதிரி மேடு தட்டுகிறது. விரலால் தடவினால் தெரிகிறது. உன் குறிப்பை முதலிலிருந்து சரிபார்த்தேன். ஒன்றும் விடவில்லை. உன் பெயரில் இருக்கிற ஆமை வளர்ப்பு உரிமத் தாளையும் எடுத்துக்கொண்டு விலங்கு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க, ஆமையத் துணி மாதிரி காயப் போட்டிருக்கீங்களா?"

"எங்க அக்கா எழுதிக் குடுத்தபடி ஒரு எழுத்து மாறாம வளக்கறேன் டாக்டர்."

"அக்கா டாக்டரா?"

"சர்வேயர்."

"அப்ப அவங்க அளக்கட்டும், வைத்தியத்த நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னது இது. குட்டி வயதில் காற்றில் ஈரம் வேண்டும். இல்லையென்றால் புது ஓடு வளரும்போதே காய்ந்து, சமமாகப் பரவாமல் மேலே எழும்பும். வந்த மேடு இனி இறங்காது. ஆனால் இன்றிலிருந்து சரி செய்தால், அதைச் சுற்றி வளர்வது வழவழவென்று வளரும். நம் பழைய ஆமையைப் பற்றியும் கேட்டேன். "ஈரம் மட்டும் கொல்லாதுங்க. ஈரத்தோட குளிர் சேர்ந்தாத்தான் ஆபத்து. மேல விளக்கு எரிஞ்சு சூடா இருந்துச்சுன்னா பயமே இல்ல" என்றார்.

உன்னைக் கேட்காமல் ஒரு சொட்டு ஊற்றவில்லை. சீக்கிரம் பதில் போடு.

தம்பி

ஜூன் 27

அரைகுறைக்கு,

ஊற்றாதே.

எவரோ சொன்னார் என்று இன்னொன்றையும் கொல்லப் போகிறாயா? நீ எங்கேயோ தவறவிட்டிருக்கிறாய். கணவாய் ஓடு தீர்ந்திருக்கும், கவனித்திருக்க மாட்டாய். முடியவில்லை என்றால் சொல். என் ஆபீசில் வரைபடம் போடுகிறவரிடம் கொடுத்துவிடு. அவர் சொன்னதைச் செய்வார்.

அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

ஊற்றிவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது மேனேஜர் 110 கிராம், எழுபது மில்லிமீட்டர். இரண்டு நாள் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னதைக் கேட்டால் உனக்கு நல்ல பிள்ளை, அவனுக்குக் கோணல் ஓடு. லிப்டில் யார் எழுதின விதிமுறையாக இருந்தாலும், கயிறு தேய்வதைக் கண்ணால் பார்த்த பிறகு ஓட்ட மாட்டேன். இதுவும் அப்படித்தான்.

தேங்காய் நார்த்தூளை நனைத்து அடியில் பரப்பியிருக்கிறேன். ஒளிந்துகொள்ள ஈரப் பாசி வைத்த ஒரு மூலை. காலையில் இருபது நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், தண்ணீர் தாடைக்குக் கீழே நிற்கும்படி. ஈரமானி எண்பது சதவீதத்தில் நிற்கிறது. தெர்மாமீட்டர் இரண்டு, ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். மாற்று விளக்கு ஒன்று அலமாரியில் தயார்.

யாரிடமும் கொடுக்க மாட்டேன். திட்டு, ஆனால் எழுது.

தம்பி

செப்டம்பர் 1

அக்கா, 165 கிராம். மூக்கில் குமிழி இல்லை. தகடுகளுக்கு நடுவில் புதுசாக ஒரு வெளிர் கோடு தெரிகிறது. அது தட்டையாக இருக்கிறது! நீ எழுதி இரண்டு மாதம் ஆகிறது. லாரி ஓடுகிறதா என்று உன் கம்பெனியில் கேட்டேன். ஓடுகிறதாம்.

தம்பி

நவம்பர் 20

அக்கா, 280 கிராம், தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர். படம் வைத்திருக்கிறேன். அம்புக்குறி போட்ட இடம் ஜூலை, தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தது. டாக்டரம்மா மற்ற ஆமைக்காரர்களுக்குக் காட்ட ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். கூடத்துச் சுவரின் மிச்சப் பாதியையும் அடித்துவிட்டேன். உனக்காக இல்லை, மேனேஜர் அந்தக் கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி

டிசம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை மலைக்குள் இரண்டு துளைகளும் சந்தித்தன. பன்னிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். எல்லாரும் கைதட்டினார்கள். திரும்பி வந்தால் மேசையில் நீ அனுப்பிய மேனேஜர் படம்.

வெல்டரம்மா எட்டிப் பார்த்தார். "நடுவுல கரடுமுரடு, சுத்தி வழவழன்னு இருக்கு. ரெண்டும் ஒரே கை வேலையா?"

"ஒரே கைதான். முதல்ல நான் சொன்னபடி செஞ்சான். அப்புறம் அவனாச் செஞ்சான்."

"கெட்டிக்காரனா இருக்கானே! வேற யாரும் கிடைக்கலன்னு சொன்னீங்க?"

எனக்கு ஒரே பெருமை. அவரிடமிருந்து படத்தைத் திரும்ப வாங்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. முகாம் முழுக்கச் சுற்றியது.

நான் எழுதாமல் இருந்தது கோபத்தினால் அல்ல. "மேல விளக்கு எரிஞ்சு சூடா இருந்துச்சுன்னா" என்று ஜூனில் நீ எழுதிய வரியினால். அந்த மழை நாளில் நீ தொட்டியை உள்ளே வைத்துவிட்டு, விளக்குக்குக் கீழேதான் வைத்தேன் என்று அழுதாய். வைத்திருந்தாய். ஆனால் அங்கே பல்பு இல்லை. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய மேப்பை வரைய உட்கார்ந்தபோது என் மேசை விளக்கில் பல்பு போய்விட்டது. அதற்காகத் தொட்டி விளக்கின் பல்பை நான் கழற்றியிருந்தேன். மூன்று நாள் கழித்துத்தான் திருப்பி மாட்டினேன். ஈரத்தைக் கண்டேன், உன்னைத் திட்டினேன், அரைகுறை என்று பெயர் வைத்தேன். இருபத்திரண்டு வருடம் எல்லாரையும் அப்படியே கூப்பிட வைத்தேன். மலைக்குள் ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள், அதை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடிக்கோடிட்ட வரியை அடித்துவிடு. பிழை என்னுடையது. ஓட்டின் நடுவில் இருக்கிற மேடுகளும் என்னுடையவை.

மேனேஜர் இனி உன்னுடையவன். உரிமத் தாளில் உன் பெயருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா

டிசம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். உனக்குப் பதினான்கு வயதுதானே அப்போது.

வரியை அடிக்க முடியாது, லேமினேட் செய்துவிட்டேன். பக்கத்தில் டாக்டரம்மாவின் குறிப்பை மாட்டியிருக்கிறேன். தாள் என் பெயருக்கு மாறிவிட்டது. அதைக் காட்டினேன், மேனேஜர் ஒருமுறை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்று 318 கிராம். பெட்டி ஈரமாக இருக்கிறது. விளக்கு எரிகிறது, பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் தம்பி