நான் எழுதிய தேதிகள்

மார்ச் 3, ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்தத் தூர தேசத்திலும் ஆண்டவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். அம்மாவும் நானும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கிடங்கில் பெட்டி தூக்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

இதைப் போனில் சொல்ல முடியாது. அம்மா ஸ்பீக்கரில் போடுவாள். சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கடிதம்.

நேற்று சபை மண்டபத்தில் ஒரு படம் போட்டார்கள். ஒரு சரக்குக் கப்பலின் கதை. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது. முதலாளி அந்தக் கோட்டையே மேலே தள்ளி வரையச் சொல்கிறான். பெயிண்டர் வரைகிறான். அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசு. கப்பல் புறப்படும் நாளில் ஆட்கள் ஏறும் பலகையில் அவன் குறுக்கே படுத்துவிடுகிறான். "கோடு பொய். நான்தான் வரைஞ்சேன். என்னை மிதிச்சுட்டுப் போங்க" என்கிறான்.

படம் முடிந்ததும் போதகர், "இதுல பேராசைக்காரர் யாரு?" என்று கேட்டார். எல்லோரும் "முதலாளி!" என்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. பெயிண்டர் அந்தக் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுச் சிரித்தானே, அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

அப்பா, நீங்கள் போன பிறகு சித்தப்பா பார்த்துக்கொள்ளும் நம் மருந்துக் கடைக்கு நான் லேபிள் எழுதிக் கொடுக்கிறேன். மழையில் நனைந்து பழைய லேபிள் எல்லாம் கெட்டுவிட்டது என்று சித்தப்பா சொன்னார். வெள்ளை லேபிளில் மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் எழுதி ஒட்ட வேண்டும். "உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு ஜட்ஜம்மா" என்பார். ஒரு பெட்டி முடித்தால் ஒரு புத்தகம். இதுவரை பதினொன்று வாங்கிவிட்டேன். போன வாரம் ஒரு பாட்டிலில் பழைய லேபிள் பாதி உரியாமல் இருந்தது. அது நனையவே இல்லை. அதில் இருந்த தேதி போன வருடமே முடிந்துவிட்டது. சித்தப்பா சொல்லி நான் எழுதியது அடுத்த வருடத் தேதி.

அது வலிப்பு மருந்து. எதிர்வீட்டுத் தையல்கார அத்தையின் சின்னவள் அதைத்தான் குடிக்கிறாள். ஒரு வருடமாக வராமல் இருந்த வலிப்பு இந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவை வந்துவிட்டது. அத்தை பாட்டிலை என்னிடம் காட்டி, "உன் எழுத்துதானே கண்ணு? முத்து முத்தா இருக்கு" என்றாள். சும்மா சிரித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

சிலுவைக்கு முந்தின ராத்திரி ஆண்டவரும் தோட்டத்தில் பயந்தார், வியர்த்தார். ஆனால் அங்கேயேதான் இருந்தார். நான் ஓடிவிட்டேன். இன்னும் ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். உடனே, பதினோராவதில் கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி இருக்கிறதே, படித்துவிட்டுக் கொடுக்கலாமே என்று தோன்றியது. சித்தப்பாவைவிட என்னைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சித்தப்பா தட்டமாட்டார். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் செல்லம்,
புத்தகப் பூச்சி


மார்ச் 14

என் செல்லப் பூச்சிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. முதுகு பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

சினிமா வேறு, குடும்பம் நடத்துவது வேறு. மருந்துக் கம்பெனிக்காரன் தன் வியாபாரத்துக்காகத் தேதியைக் குறைத்துத்தான் போடுவான். சோடா உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறினால் காகிதம்தான் உரியும். மூடி திறக்காத மருந்துக்கு என்ன ஆகிவிடும்? குழந்தைக்கு வலிப்பு வர ஆயிரம் காரணம் இருக்கும். நீயாக எதையாவது முடிச்சுப் போடாதே.

இனிமேல் லேபிள் எழுத வேண்டாம். பரீட்சை இருக்கிறது என்று சித்தப்பாவிடம் சொல். சண்டை வேண்டாம். கடை போனால் இரண்டு குடும்பமும் தெருவில் நிற்கும். அம்மாவிடம் எதுவும் சொல்லாதே, அவள் தாங்கமாட்டாள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

உனக்காக ஜெபிக்கிறேன். எனக்காகவும் ஜெபம் பண்ணு, மறந்துவிடாதே.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா


மார்ச் 30, சனி

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

ஆறேழு தடவை படித்தேன். சோடா உப்பு பற்றி நான் எழுதவே இல்லையே அப்பா. அந்த லேபிளை எப்படி உரித்தார்கள் என்று எனக்கே தெரியாது. திங்கட்கிழமை கடையின் பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு நீல வாளியில் பாட்டில்கள் ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சோடா உப்புப் பொட்டலம். சித்தப்பா பின்னாலேயே வந்து நின்றார்.

"என்ன ஜட்ஜம்மா, படத்தைப் பார்த்துட்டு விசாரணையா?"

"இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தா சித்தப்பா?"

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "உங்க அப்பன்கிட்டயே கேளு" என்றார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அத்தை வீட்டில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. சின்னவள் துணிக் குவியலில் படுத்திருந்தாள். அத்தை கரண்டியில் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு ஜெபம் பண்ணக்கூட வார்த்தை வரவில்லை. கரண்டியைத் தட்டிவிட்டேன்.

"ஏய், என்னடி இது?"

"அத்தை, தேதி பொய். நான்தான் எழுதினேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். பாட்டிலை இடுப்பில் செருகி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மெஷினில் பாதி தைத்த சட்டை அப்படியே கிடந்தது. புது மருந்து கொடுத்திருக்கிறார்கள். வலிப்பு நின்றுவிடும் என்று டாக்டர் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. அத்தை இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்றுத்தான், "அப்பா லெட்டரைக் கொடு" என்றாள். படித்தாள். நீங்கள் எழுதியதுபோல் அவள் உடைந்துபோகவில்லை. மடித்துத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

பதினோரு புத்தகத்தையும் சித்தப்பா மேசையில் வைத்துவிட்டேன். அந்த இரண்டு அத்தியாயத்தைப் படிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து புகார் போயிருக்கிறது; செவ்வாய்க்கிழமை மருந்துத் துறை அதிகாரிகள் கடைக்கு வருகிறார்கள். லேபிள் எழுதியது யார் என்று கேட்பார்கள். நான் என்று சொல்வேன். இந்த வேலை எப்போதிலிருந்து நடக்கிறது, யார் ஆரம்பித்தது என்றும் கேட்பார்கள். படத்தில் அந்தப் பெயிண்டருக்கு அப்பா கிடையாது.

நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட மாட்டீர்களா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர பத்து நாள் ஆகும். அதற்குள் நான் சொல்லியிருப்பேன்.

உங்கள் மகள்