றுக்ஸானா படித்த பாட்டுக்கு நீ சிரித்த சிரிப்பு

மருதமுனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் அஸ்ஹருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கு குறை சொல்ல ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். கட்டார் வெயிலில் உன்னையும் அல்லாஹ் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். தங்கச்சி ஸுஹைறாவுக்குப் பரீட்சை முடிந்தது. போனில் கதைத்தால் "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் வாசி.

வெள்ளிக்கிழமை அசர் தொழுதபின் நம் வீட்டு ஹோலில் பெண்கள் கூடி றபான் மேளம் தட்டிப் பாட்டுப் படிப்பது உனக்குத் தெரியும். கேட்க மட்டும் யாரும் வரக்கூடாது, வந்தவர் எல்லாரும் வாய் திறக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் வைத்த சட்டம். அதற்கே நான் பட்ட பாடு! ஒருத்திக்குத் தொண்டை சரியில்லையாம், ஒருத்திக்கு வெட்கமாம். பின்வளவு றுக்ஸானா, தறிக்கு நூல் சுற்றப் போகிறவள், கனநாளாக எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்பாள். "லாத்தா, என்ட குரல் தகரம் மாதிரி, நீங்க படிங்க, நான் கேக்கன்" என்பாள். புருஷன் மவுத்தானபின் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவள் ஒருநாள் றபானைத் தன் பக்கம் இழுத்துவைத்துப் படித்தாளே மகன், சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், ஆனால் வீடே அதிர்ந்தது, அவளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை, நாங்களும் சேர்ந்து படித்தோம்.

அதை உனக்குக் காட்டத்தான் ஸுஹைறா போனில் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டாள். அவளுக்கும் ஏச்சு விழுந்தது. ஆனால் நீ என்ன செய்தாய்? சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டு "கழுதைக்குச் சளி புடிச்சிட்டா" என்று எழுதினாய். யாரோ அதையும் சேர்த்து வெளியே அனுப்ப, ஊர் முழுக்கப் போய்விட்டது. மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவன் அவள் முன்னாலேயே அவளைப் போலப் படித்துக் காட்டியிருக்கிறான். மறு வெள்ளி அவள் வரவில்லை. தேடிப் போனேன். "ஆம்புள ஆக்களெல்லாம் கேட்டுச் சிரிச்சிட்டாங்க லாத்தா, இனி என்னக் கூப்பிடாதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களிலும் பலர் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். "நல்லாப் படிக்கிற ஒராளக் கூட்டி வந்து நாம சும்மா இருந்து கேப்பமே" என்று உன் ஹாஜறா மாமி சொன்னபோது எனக்கு வந்த கோபம்! ருசியாக ஆக்கத் தெரிந்தவள் மட்டும்தான் சோறு தின்ன வேண்டுமா?

மிஞ்சிய சிலரோடு றபானைத் தூக்கிக்கொண்டு அவள் முற்றத்துக்கே போனேன். நாங்கள் படிக்கப் படிக்க அவள் உள்ளே டீவிச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். "உனக்கு வேற வேல இல்லையா" என்று வாப்பா ஏசினார். இன்றும் போனோம். டீவிச் சத்தம் இல்லை. கதவும் திறக்கவில்லை.

இனி உன் வேலை. மன்னிப்பு என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் தப்பப் பார்க்காதே. நீ சிரித்த அதே குறூப்பில் உன் குரலில் ஒரு பாட்டுப் படித்துப் போடு. உன் குரல் எப்படியென்று பெற்ற எனக்குத் தெரியாதா? சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அழிக்காதே. வேலை விட்டு வந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற உன் அறைப் பொடியன்களையும் சேர்த்துக்கொள், படிக்கத் தெரியாவிட்டால் வாளியையாவது தட்டட்டும்.

உன் உழைப்பில் பரக்கத்தையும் நாவில் இரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. தண்ணீர் நிறையக் குடி. வரும் வெள்ளிக்குள் பாட்டுப் போட்டுவிடு, நான் போனைக் கொண்டுபோய் றுக்ஸானாவின் கதவடியில் பிடிக்க வேண்டும்.

கோபம் தீராத உன் உம்மா,
சபியா.